பழைய டிரான்சீவரை வாங்குமுன், திறக்குமுன்

சுவிஸில் ஹாம் ரேடியோக்காரர்களின் தேசியச் சங்கமான யூ.எஸ்.கே.ஏ. தொடங்கியது 1929இல். அதன் மூத்த தலைமுறை அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ட்ரேக் டிஆர்-4, யேசு எஃப்டி-101, கென்வுட் டிஎஸ்-520 போன்ற டிரான்சீவர்கள் இப்போது வீடு வீடாக வெளியே வருகின்றன. வைத்திருந்தவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார், அல்லது இறந்துபோகிறார். பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி என்னவென்று தெரியாது. புரொக்கன்ஹவுஸ் என்னும் பழம்பொருள் கடைக்கோ ரிக்கார்டோ இணைய ஏலத்துக்கோ அது வந்துசேர்கிறது. எலக்ட்ரானிக்ஸில் கை பழகிய நம்மவர்களும் அதை ஆசையோடு வாங்குகிறார்கள்.

வாங்கட்டும். இந்த செட்டுகள் பழுதுபார்க்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டவை. சர்க்யூட் வரைபடம் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும், உதிரிகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும், சாதாரண சால்டரிங் அயர்ன் போதும். சுவிஸ் சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் வாங்குபவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று நம்பி எழுதப்பட்ட சட்டம் அது. அந்த நம்பிக்கையை அறியாமல் பணத்தைக் கொடுப்பவர்தான் ஏமாறுகிறார்.

முதலில் பலரும் தவறாக எண்ணியிருக்கும் ஒன்று. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் இணையத்தில் கடைக்காரரிடம் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம். சுவிஸில் அப்படிப் பொதுவான சட்ட உரிமை கிடையாது. வாசலுக்கு வந்தோ தொலைபேசியிலோ விற்றால்தான் 14 நாள் உண்டு. இணையக் கடை திருப்பி எடுத்துக்கொண்டால் அது அந்தக் கடையின் சொந்த ஏற்பாடு. ஏலத்தில் தனியாளிடம் வாங்கினால் அதுவும் இருக்காது.

கடமைச் சட்டம் பழுதுக்கு இரண்டு ஆண்டுப் பொறுப்பு சொல்கிறது. தொழில்முறைக் கடைக்காரர் சொந்தப் பயனுக்காக வாங்குபவருக்குப் பழைய பொருளை விற்கும்போது இந்தக் காலத்தை ஓர் ஆண்டு வரை குறைக்கலாம், அதற்குக் கீழே குறைக்க முடியாது. விந்தை என்னவென்றால், குறைப்பதற்கு வரம்பு வைத்த அதே சட்டம் பொறுப்பை முழுவதுமாக விலக்கிக்கொள்ள இடம் விட்டிருக்கிறது. ‘சோதிக்கப்படவில்லை, உத்தரவாதம் இல்லை’ என்று விளம்பரத்தின் அடியில் கிடக்கும் ஒற்றை வரியின் வேலை அதுதான். ஆனால் தெரிந்தே மறைத்த பழுதுக்கு இந்த விலக்கு செல்லாது என்று பிரிவு 199 சொல்கிறது. உறுதியாகச் சொன்ன தன்மை இல்லாமல் போனால் விற்றவர் பொறுப்பு என்கிறது பிரிவு 197.

ஆகவே ஏலம் கேட்குமுன் எழுதிக் கேளுங்கள். எந்தெந்தப் பட்டையில் எத்தனை வாட் வருகிறது? இறுதி வால்வுகள் எப்போது மாற்றப்பட்டன? கடைசியாக எப்போது மின்சாரம் கொடுக்கப்பட்டது? ‘எல்லாப் பட்டையிலும் 100 வாட் வருகிறது’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அந்த வரிக்கு மதிப்பு உண்டு, படம் பிடித்து வையுங்கள். பெட்டி கைக்கு வந்ததும் தாமதிக்காமல் சோதியுங்கள். பிரிவு 201 வாங்கியவர் சோதித்து, பழுதை உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறைந்திருந்த பழுதானாலும் கண்டவுடன் சொல்லியாக வேண்டும். கோடை விடுமுறைக்குப் பிறகு திறந்து பார்க்கலாம் என்று நிலவறையில் வைத்தவர் அங்கேயே தன் உரிமையை இழக்கிறார்.

ஆண்டுதோறும் ஜூனில் போடன்சே ஏரிக்கு அக்கரையில், ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ்ஷாஃபனில் ஹாம் ரேடியோ கண்காட்சி நடக்கிறது. ரோமன்ஸ்ஹோர்னிலிருந்து படகில் போகலாம். அங்குள்ள பழம்பொருள் சந்தை இத்துறைக்காரர்களுக்குத் திருவிழா. திரும்பும்போது சுங்கத்தை மறக்க வேண்டாம். வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்கான வரியில்லா வரம்பு 2025 ஜனவரி 1 முதல் ஓர் ஆளுக்கு 300 ஃபிராங்கிலிருந்து 150 ஆகக் குறைந்தது. வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் மதிப்புக்கூட்டு வரி, 8.1 சதவீதம். தொழிற்பொருள்களுக்கான சுங்கத் தீர்வை 2024 தொடக்கத்தில் நீக்கப்பட்டுவிட்டதால் செலவு இந்த வரியோடு முடிகிறது. அறிவிக்காமல் பிடிபட்டால் முடியாது.

செட் கையில் இருப்பது குற்றமல்ல. மைக்கை எடுத்துப் பேசுவதற்குத்தான் தகுதி வேண்டும். பீல் நகரில் உள்ள பாகோம் என்னும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு அலுவலகம் தேர்வு நடத்துகிறது. தொடக்கநிலைக்கு எச்பி3, முழுத்தேர்வுக்கு எச்பி9 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். உரிமையில்லாமல் அலைவரிசையைப் பயன்படுத்தினால் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி 1,00,000 ஃபிராங்க் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பழைய எஃப்டி-101இல் 27 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கும் ஓர் இடம் இருக்கும், அதைக் காட்டி, தேர்வில்லாமல் பொதுமக்கள் பேசும் ‘சிபியில் பேசலாம்’ என்று விற்பவர்கள் உண்டு. அங்கே சிபிக்கென்று அங்கீகரிக்கப்பட்ட செட் மட்டுமே ஆகும், உரிமம் உள்ள ஹாம்காரருக்கும் இதே விதிதான். 1979இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு ஒதுக்கிய 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் அதற்கு முந்திய செட்டுகளில் முழுமையாக இருக்காது. ஹாம்காரர் தன் பயனுக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். அவர் அனுப்பும் சைகை பக்கத்துப் பட்டைகளில் சிதறாமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு. தேர்வு எழுதாதவர் செட்டைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அனுப்பும் பகுதியை உரிமம் உள்ளவரிடம், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடில் சோதிக்கச் சொல்வதே முறை.

இனி உள்ளே. நான் மிகவும் அஞ்சுவது இந்த இடத்தைத்தான். டிஎஸ்-520, எஃப்டி-101, கென்வுட் டிஎஸ்-830எஸ் எல்லாமே பாதி டிரான்சிஸ்டர், பாதி வால்வு. இறுதி வால்வுகளுக்கு 600 முதல் 900 வோல்ட் வரை நேர்மின்சாரம் போகிறது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிய பிறகும் அந்த மின்னழுத்தம் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கக்கூடும். அதை வடிக்க வேண்டிய ரெசிஸ்டர் ஐம்பது ஆண்டில் அறுந்திருக்கலாம். வீட்டில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் எஃப்ஐ ஸ்விட்ச் இருக்கிறதே என்ற தைரியம் இங்கே பயன்படாது. டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் மின்வலையிலிருந்து பிரிந்தது, அங்கே ஒருவர் 800 வோல்ட்டைத் தொட்டால் எஃப்ஐக்கு எதுவும் தெரியாது.

வடிக்கும் முறை இது. பிளக்கை உருவி, சில நிமிடம் பொறுங்கள். காப்புள்ள கிளிப் மாட்டிய 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையைச் சேசிஸில் முதலில் மாட்டுங்கள், மறுமுனையைக் கெப்பாசிட்டரின் நேர்முனையில் பிடியுங்கள். இடது கை மேசையிலோ சேசிஸிலோ படாமல் பின்னால் இருக்கட்டும். பிறகு 1000 வோல்ட் தாங்கும் மீட்டரால் அளந்து பாருங்கள், பூஜ்ஜியத்துக்கு அருகில் வந்தால்தான் விரலை உள்ளே விடலாம். ஸ்க்ரூடிரைவரால் ‘டப்’ என்று ஷார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், கண்ணுக்கு உலோகத் துளி பறக்கும். தனியாக இருக்கும்போது செட்டைத் திறந்து வைத்து மின்சாரம் கொடுக்காதீர்கள்.

மின்சாரம் கொடுக்குமுன் பின்பக்கத்து மின்னழுத்தத் தேர்வைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த செட் 117 அல்லது 100 வோல்ட்டில் நிற்கும், சுவிஸின் 230இல் மாட்டினால் கதை அங்கேயே முடியும். பழைய இரண்டு கம்பி வயரைக் கழற்றி எர்த்துள்ள மூன்று கம்பி வயரைப் போடுங்கள். பயண அடாப்டர்கள் பலவற்றில் எர்த் தொடர்பே கிடையாது, அவற்றை நம்பாதீர்கள். சுவர் சொக்கெட்டில் எர்த் இல்லையென்றால் அதை நீங்கள் மாற்றக் கூடாது. வீட்டு வயரிங் அனுமதி பெற்ற மின்பணியாளரின் வேலை.

எஃப்டி-101இன் உயிரைக் காக்கும் ஒரு சின்ன உதிரியைச் சொல்கிறேன். ஓட்டி வால்வான 12பிஒய்7ஏயின் தகட்டிலிருந்து இறுதி வால்வுகளின் கிரிட்டுக்கு சைகையைக் கடத்தும் கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. அது வயதாகிக் கசிந்தால் நேர்மின்னழுத்தம் கிரிட்டில் ஏறும், 6ஜேஎஸ்6சி வால்வுகள் கட்டுக்கடங்காமல் மின்சாரம் இழுத்துச் சிவந்து எரியும். இன்று அந்த வால்வுகள் அரிது. அந்தக் கெப்பாசிட்டரோ சில ஃபிராங்க். முதல் தடவை செட்டைத் திறக்கும்போதே, நன்றாக ஓடுகிறது என்றாலும், 1000 வோல்ட் தாங்கும் புதியதைப் போட்டுவிடுங்கள்.

எண்பதுகளின் செட்டுகளுக்கு வேறு நோய்கள். கென்வுட் டிஎஸ்-440இல் அலையாக்கிப் பகுதியை அசையாமல் பிடிக்கப் பூசிய பசை காலப்போக்கில் பழுப்பேறி மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும். திரையில் எண் மறைந்து புள்ளிகள் மட்டும் தெரியும், செட் ஊமையாகும். பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தால் பெரும்பாலும் பேசிவிடும். ஐகாம் ஐசி-751இல் செட்டை இயக்கும் தகவலே ஒரு நினைவகப் பலகையில், ஒரு சின்ன லித்தியம் பேட்டரியின் தயவில் நிற்கிறது. பேட்டரி செத்தால் செட்டுக்கு எல்லாம் மறந்துபோகும். பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்று அந்த செட்டை விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மின்சாரத்தை விட மெதுவாகக் கொல்லும் பொருள்களும் உள்ளே உண்டு. சுவிஸில் பிசிபி எண்ணெய் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1986இல், அதற்கு முந்தைய எண்ணெய்க் கெப்பாசிட்டர் கசிந்திருந்தால் வெறும் கையால் தொட வேண்டாம், அது சிறப்புக் கழிவு. சில ஆர்எஃப் பவர் டிரான்சிஸ்டர்களின் வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஆக்சைடு. உடைக்கவோ அரைக்கவோ கூடாது, தூள் நுரையீரலுக்கு நஞ்சு. பழைய ராணுவ உபரி செட்டுகளின் ஒளிரும் டயல் எழுத்துகளில் ரேடியம் இருக்கலாம். கடிகாரத் தொழில் விட்டுப்போன ரேடியத்தைத் தேடி 2015இல் தனிச் செயல்திட்டம் தொடங்கிய நாடு இது. ரேடியம்-226இன் அரைவாழ்வுக் காலம் 1600 ஆண்டு, இருட்டில் ஒளி மங்கிவிட்டது என்பதால் கதிர்வீச்சு போய்விட்டதாக எண்ணக் கூடாது. கண்ணாடியைத் திறக்காமல், சுரண்டாமல், கூட்டாட்சிப் பொதுச் சுகாதார அலுவலகத்திடம் கேளுங்கள்.

மின்னதிர்ச்சி பட்டால், ஆள் எழுந்து உட்கார்ந்தாலும், 144ஐ அழையுங்கள். இதயத் துடிப்பு பின்னர் தவறக்கூடும். நச்சுக்கு 145. ஒரே முதலாளியிடம் வாரம் 8 மணி நேரமாவது வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்தும் முதலாளி வழிக் காப்பீட்டில் அடங்கும். மற்றவர்கள் தம் மருத்துவக் காப்பீட்டில் விபத்து சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

தானே திறக்கத் துணியாதவர் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பார். இங்கே மனவருத்தங்கள் அதிகம். எனக்குத் தெரிந்த ஒருவர் பேச்சளவில் ‘இருநூறுக்குள் முடியும்’ என்று கேட்டுக் கொடுத்துவிட்டு, அதைப் போல் மூன்று மடங்குக்கு பில் வந்தபோது கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் நின்றார். உத்தேசச் செலவு அளவுக்கு மீறிப் போனால் வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்கிறது கடமைச் சட்டம் பிரிவு 375, பத்து சதவீதம் வரையான ஏற்றத்தைப் பொறுக்கலாம் என்பது நடைமுறை. உத்தேசம் எழுத்தில் இருந்தால்தான் இதை நிரூபிக்க முடியும். கழற்றிய உதிரிகளைத் திருப்பித் தரச் சொல்லியும் எழுதுங்கள். செய்த வேலையில் குறையிருந்தால் உடனே சொல்ல வேண்டும், உரிமைக் காலம் இரண்டு ஆண்டு. ஆனால் கூலி தரும்வரை செட்டைப் பிடித்து வைக்க அவருக்கும் உரிமை உண்டு, குடியியல் சட்டம் பிரிவு 895. சண்டை பிடித்துத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

பேசித் தீராவிட்டால் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி ஒரு தேதி குறியுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வழக்கறிஞரைத் தேடுமுன் சமரச அலுவலகம் இருக்கிறது. சூரிச் போன்ற மாநிலங்களில் ஊருக்கு ஊர் சமாதான நீதிபதி. 2000 ஃபிராங்க் வரையான வழக்கில் நீங்கள் கேட்டால் அவரே தீர்ப்புச் சொல்லலாம். பழைய செட்டுத் தகராறுகள் பெரும்பாலும் இந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். விசாரணை அந்தந்த மாநில மொழியில் நடக்கும், மொழி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் முன்பே கடிதங்களை வாசிக்கச் சொல்லுங்கள். பிரெஞ்சுப் பகுதியில் எஃப்ஆர்சி என்னும் நுகர்வோர் அமைப்பும், ஜெர்மன் பகுதியில் நுகர்வோர் பாதுகாப்பு அறக்கட்டளையும் ஆலோசனை தருகின்றன.

நம்மவர்க்கு மட்டும் உரிய ஓர் ஆபத்து. செட்டைச் சரிசெய்து யாழ்ப்பாணத்து மருமகனுக்கோ சென்னைக் கல்லூரி சங்கத்துக்கோ பெட்டியில் போட்டுக்கொண்டு போக மனம் வரும். இலங்கையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் அனுமதியும், இந்தியாவில் வானொலி அலைவரிசைகளை நிர்வகிக்கும் டபிள்யூபிசியின் அனுமதியும் இல்லாமல் ஒலிபரப்பும் கருவியை இறக்க முடியாது. சுவிஸ் உரிமம் ஐரோப்பிய ஏற்பாட்டின்படி பல நாடுகளில் செல்லும், இவ்விரண்டு நாடுகளும் அந்த ஏற்பாட்டில் இல்லை. பெறப்போகும் ஆள் அங்கே உரிமம் எடுத்து, அவர் பெயரில் அனுமதி வந்த பிறகுதான் விமானப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

இனிச் சரிவராது என்று முடிவான செட்டைக் குப்பைப் பையில் போடுவது சட்டப்படி தப்பு. 1998இல் வந்த மின்கருவிக் கழிவு விதியின்படி அத்தகைய கருவிகளை விற்கும் கடை பழையதை இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டும், புதியது வாங்காவிட்டாலும் சரி. அதற்கான கட்டணம் புதிய கருவி விலையில் முன்கூட்டியே சேர்ந்திருக்கிறது. கடையில் கொடுக்குமுன் யூ.எஸ்.கே.ஏ.யின் உள்ளூர்ப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி போடுங்கள். ஓடாத ஒரு டிஎஸ்-520இன் டிரான்ஸ்ஃபார்மருக்காகவும் பட்டை ஸ்விட்சுக்காகவும் இன்னொரு டிஎஸ்-520 எங்கோ ஒரு மேசையில் காத்திருக்கும்.