பாக்கெட்டின் நீளத்தில் ஒளிந்த கடவுச்சொல்

தோட்டத்து விளக்குகளைக் கைப்பேசியிலிருந்தே போடவும் அணைக்கவும் ஒரு வெளிப்புற ஸ்மார்ட் பிளக் வாங்கிச் சுவரில் பொருத்தியாயிற்று. பிளக்கின் சிறு விளக்கு கண்சிமிட்டுகிறது. கைப்பேசியில் வைஃபை கோடுகள் முழுசாக நிற்கின்றன. கடவுச்சொல்லும் சரி. ஆனாலும் செயலி ஓரிரு நிமிடம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்று கைவிரிக்கிறது. பிளக் பழுது என்று பலரும் முடிவு கட்டும் இடம் இதுதான். ஆனால் பிளக்கில் எந்தக் கோளாறும் இல்லாமலே இப்படி நடக்கும். அந்த ஓரிரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், காரணத்தை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

பிளக்குக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வீட்டு வைஃபைக்குள் நுழைய அதற்குக் கடவுச்சொல் வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை வைஃபை வழியாக வாங்க வேண்டுமென்றால், முதலில் வைஃபைக்குள் நுழைந்திருக்க வேண்டும். இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வுகளில் ஒன்று மிக அழகானது.

வைஃபையில் போகும் தகவல் எல்லாம் பாக்கெட்டுகளாகப் பிரிந்து, மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. கடவுச்சொல் தெரியாதவருக்கு உள்ளே இருப்பது புரியாது. ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நீளம் என்பது யாருக்கும் தெரியும். ஒட்டிய கடித உறையைப் பிரிக்காமலே அதன் கனத்தைக் கையால் உணர முடிவதுபோல. கைப்பேசியின் செயலி இதைத்தான் பயன்படுத்துகிறது. முதலில் குறிப்பிட்ட சில நீளங்களில் பாக்கெட்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்பி, “கவனி” என்கிறது. பிளக், வைஃபையின் ஒவ்வொரு சேனலாகத் தாவித் தாவிக் கேட்டுக்கொண்டே வந்து, அந்த நீளங்கள் காதில் பட்டதும் அங்கேயே நிற்கிறது. அதன் பிறகு வரும் பாக்கெட்டுகளின் நீளங்களே வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும். உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமல், நீளங்களை மட்டும் அளந்து பிளக் அவற்றைக் கூட்டிச் சேர்த்துக்கொள்கிறது.

இந்த வழியில் ஒரு நிபந்தனை உண்டு. கைப்பேசி பேசும் அலைவரிசையைப் பிளக்கால் கேட்க முடிய வேண்டும். இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. பலர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். வேகம் தேடும் கைப்பேசி 5-இல் போய் ஒட்டிக்கொள்கிறது. பிளக்கின் சிப்போ பெரும்பாலும் 2.4-ஐ மட்டுமே அறியும். 2014-இல் வெளியாகி மலிவான ஸ்மார்ட் கருவிகள் பலவற்றுக்குள் புகுந்த ஈஎஸ்பி8266 சிப் அப்படித்தான். கைப்பேசி 5-இல் எவ்வளவு நேரம் பாக்கெட் அனுப்பினாலும் பிளக்கின் காதில் ஒன்றும் விழாது. ரவுட்டர் அமைப்பில் 5-ஐச் சிறிது நேரம் அணைத்து வைத்தாலோ, 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்துக் கைப்பேசியை அதில் சேர்த்தாலோ இந்தத் தடை நீங்கிவிடும்.

வேறு சில பிளக்குகள் தாமே ஒரு தற்காலிக வைஃபையை உண்டாக்கி, கைப்பேசியை அதற்குள் அழைக்கும். அதில் இணையம் இருக்காது. இணையம் இல்லாத வைஃபையை விரும்பாத கைப்பேசி, மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பேச்சு பாதியில் அறுந்துவிடும். அப்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயல வேண்டும். அண்மைக்காலப் பிளக்குகள் பல கடவுச்சொல்லைப் புளூடூத் வழியாக வாங்கிக்கொள்கின்றன. ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளுக்கென 2022-இல் வந்த மேட்டர் தரநிலையும் அந்த வழியை ஏற்றிருக்கிறது.

கடவுச்சொல் போய்ச் சேர்ந்தாலும் தோட்டம் வரை அலை போய்ச் சேர வேண்டுமே. வீட்டு ரவுட்டர் அனுப்பும் ஆற்றல் ஏறக்குறைய 100 மில்லிவாட். பிளக்கின் ஆன்டெனாவுக்கு வந்து சேர்வது அதில் நூறு கோடியில் ஒரு பங்காக இருந்தால்கூட இணைப்பு நன்றாகவே நடக்கும். அந்த ஆன்டெனா என்பது சிப்புக்குப் பக்கத்தில், பலகையின்மேல் வளைந்து வளைந்து ஓடும் சில சென்டிமீட்டர் செப்புக்கோடு. இவ்வளவு நுட்பமான காதுக்கும் ஓர் எல்லை உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஆற்றல் கால்பங்காகும். இடையில் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் வந்தால் இன்னும் குறையும்.

மழைக்குப் பயந்து பிளக்கை இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவைப்பவர்கள் உண்டு. 1836-இல் மைக்கேல் ஃபாரடே உலோகத் தகடு போர்த்திய அறை ஒன்றைக் கட்டி, வெளியே இருக்கும் மின்சாரத்தின் விளைவு உள்ளே எட்டுவதில்லை என்று காட்டினார். பெட்டிக்குள் நடப்பதும் அதேதான். மழையோடு சேர்த்து வைஃபையையும் பெட்டி தடுத்துவிடுகிறது. ஐபி44 தரம் பெற்ற பிளக் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். அதற்கு மேலும் மறைப்பு வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பெட்டி போதும். காற்றில் பெய்யும் மழை இந்தச் சிறு தூரத்தில் அலையைக் குறைப்பது மிகமிகக் கொஞ்சம். ஆனால் நனைந்த சுவரும் ஈர இலைகள் அடர்ந்த செடியும் கூடுதலாகவே உறிஞ்சும்.

இன்னொன்று, பலரும் எதிர்பாராதது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேரே வரும் அலையோடு கலக்கின்றன. ஓரிடத்தில் கூடி வலுக்கின்றன, வேறோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன. எதிர்ச்சுவரில் பட்டு நேராகத் திரும்பும் அலையென்றால், வலுத்த இடத்துக்கும் மங்கிய இடத்துக்கும் இடையே மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். பிளக்கை ஒரு சாண் தள்ளி வைத்ததும் இணைந்துவிடுவது இதனால்தான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. பிளக்கைக் கழற்றி, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே ஒரு சாக்கெட்டில் செருகி இணைத்துப் பாருங்கள். அங்கேயும் இணையவில்லை என்றால் அலைவரிசை, கடவுச்சொல், செயலிக்குக் கொடுத்த அனுமதிகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அங்கே இணைந்து தோட்டத்தில் அறுந்தால் பிளக் நல்ல பிளக், வழியில்தான் தடை. கழற்றி மாட்டினாலும் கடவுச்சொல் அதன் நினைவில் இருக்கும்; திரும்பச் சொல்லித்தர வேண்டாம். ரவுட்டரைத் தோட்டத்துப் பக்கச் சன்னலுக்கு நகர்த்தலாம், பிளக்கைச் சற்று உயரத்துக்கு ஏற்றலாம், இடையில் ஒரு வைஃபை ரிப்பீட்டர் வைக்கலாம். இத்தனையும் பார்த்த பிறகும் அது இணையவில்லை என்றால் மட்டுமே, பழுது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.