அரசுப் பணமும் அறப்பணியும்



வெளிநாடுகளில் பஞ்சம், போர், நிலநடுக்கம் என்றால் அரசுகள் நிவாரணப் பணம் ஒதுக்குகின்றன. அதை மதத்தின் பெயரால் இயங்கும் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கலாமா?

பல நாடுகளில் கொடுத்துத்தான் வருகிறார்கள். 1984இல் பர்மிங்ஹாமில் தொடங்கப்பட்ட இஸ்லாமிக் ரிலீஃப், பத்தாண்டுகளில் பிரிட்டிஷ் அரசின் நிதியைப் பெற்றது. அமெரிக்காவின் கத்தோலிக்க நிவாரண அமைப்பு (1943) பல ஆண்டுகளாக அந்நாட்டு அரசின் உதவியுடன் இயங்கியது.

காரணம் எளிது. அரசு அதிகாரி போய்ச் சேராத கிராமத்திலும் ஒரு பள்ளிவாசலோ தேவாலயமோ இருக்கும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. வரி எல்லா மதத்தவரும் கட்டுவது. பசித்தவனிடம் சோற்றோடு போதனையையும் நீட்டினால், அவனால் மறுக்க முடியுமா? அதனால்தான் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பிற அமைப்புகளும் 1994இல் வகுத்த நடத்தை நெறி, தேவையை மட்டுமே பார்த்து உதவ வேண்டும், உதவியை மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அமெரிக்க விதிகளும் அரசின் நேரடி நிதியில் வழிபாடோ மதப் போதனையோ நடத்த அனுமதிப்பதில்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியது. வருவாயில் ஏறக்குறைய பாதியை அரசிடமிருந்து பெற்றுவந்த அந்தக் கத்தோலிக்க அமைப்பு, ஊழியர்களையும் பணிகளையும் குறைக்க நேர்ந்தது. ஆட்சி மாறினால் கொள்கை மாறும். பாதிக்கப்படுவது எங்கோ ஒரு மூலையில் மருந்துக்குக் காத்திருக்கும் குழந்தை.

ஆகவே, நம் கருத்து இதுதான்: அரசு கொடுக்கலாம், நிறுவனமும் வாங்கலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, வாங்குபவரின் மதத்தைக் கேட்கக் கூடாது. இரண்டு, அரசுப் பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். ஸகாத் யாருக்குச் சேர வேண்டும் என்று திருக்குர்ஆன் எட்டு வகையினரை வரையறுத்துள்ளது (9:60). அரசு நிதியையும் ஸகாத்தையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டின் அமானிதமும் கெடும். மூன்று, அரசு கை விரித்தாலும் பணி நிற்காத அளவுக்கு மக்களின் நன்கொடை இருக்க வேண்டும்.

மூன்றாவது நம் கையில்தான் இருக்கிறது. மாதந்தோறும் நாம் கொடுக்கும் சிறு தொகைதான் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தன் காலில் நிற்க வைக்கிறது. கொடுக்கும் கரங்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக!