செவ்வாயில் பிறக்கப்போகும் சிசு

செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்களை நிரந்தரமாகக் குடியேற்றப்போவதாகவும், செல்பவர்கள் பூமிக்குத் திரும்ப ஏற்பாடு எதுவும் இராது என்றும் 2012-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு நிறுவனமொன்று அறிவித்தபோது, அந்த மீளாப் பிரயாணத்துக்குத் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளப் பல தேசங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் முன்வந்தனர். 'மார்ஸ் ஒன்' என்னும் அந்த நிறுவனம் ஒருவரையும் அனுப்பாமலே 2019-இல் திவாலாயிற்று. ஆயினும் அதனினும் பன்மடங்கு பொருள்வளமும் தொழில்திறனும் படைத்த ஸ்பேஸ்எக்ஸ் இன்று அதே லட்சியத்தைக் கைக்கொண்டிருப்பதால், மார்ஸ் ஒன் எழுப்பிய வினாக்கள் திவாலாகவில்லை.

அங்கே போய்ச் சேருவது அரிதே ஒழிய அசாத்தியமன்று. 26 மாதங்களுக்கு ஒருமுறை இரு கிரகங்களும் வாகாக அமையும் காலத்தில் புறப்பட்டால் ஏழெட்டு மாதங்களில் அடைந்துவிடலாம். சங்கடமெல்லாம் இறங்கிய பிறகுதான். அங்குள்ள காற்றின் அழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மெல்லிய காற்றிலும் 95 சதவிகிதம் கரியமிலவாயு. அதைப் பிளந்து பிராணவாயுவைப் பிரிக்க முடியும் என்று 'பெர்சிவியரன்ஸ்' ஊர்தியோடு சென்ற 'மாக்ஸி' என்ற சிறு கருவி 2021-இல் நிரூபித்தது போற்றத்தக்க சாதனையே. ஆனால் 16 முறை இயங்கி அது ஈட்டியது மொத்தம் 122 கிராம். ஒரு மனிதனுக்கோ ஒரு நாளைக்கே 800 கிராமுக்குமேல் வேண்டும்.

மூடிய கூடத்துக்குள் காற்றையும் நீரையும் பயிரையும் இசைவாக நடத்திச் செல்வது எத்துணைச் சூக்ஷ்மமான காரியம் என்பதற்கு, அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த 'பயோஸ்பியர் 2' பரிசோதனையைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை. 1991 செப்டம்பரில், மூன்று ஏக்கர் பரப்புள்ள கண்ணாடி மாளிகையொன்றினுள், காடும் வயலும் சிறு கடலும் அமைத்து, எட்டுப் பேர் இரண்டு ஆண்டு வாழ்வதற்கென்று புகுந்தனர். ஒன்றரை ஆண்டு ஆவதற்குள், 21 சதவிகிதமாக இருந்த பிராணவாயு ஏறக்குறைய 14 சதவிகிதமாக இறங்கிவிட்டதால், வெளியிலிருந்து அதைச் செலுத்த நேர்ந்தது. காரணத்தைத் தேடியபோது, வளமான மண்ணில் பெருகிய நுண்ணுயிர்கள் பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிட, அவ்வாயுவைப் பயிர்கள் ஏற்றுத் திருப்பித் தருவதற்குள் கட்டடத்தின் கான்கிரீட் அதை உறிஞ்சிக்கொண்டது என்று தெரியவந்தது. சுவரும் மூச்சில் பங்கு கேட்கும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. 2014-இல் மார்ஸ் ஒன்னின் திட்டத்தை ஆராய்ந்த, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்களோ நேர்மாறான ஆபத்தைக் கண்டனர்: பயிர்கள் வெளிவிடும் பிராணவாயு மிகுந்து தீ விபத்துக்கு இடம் உண்டாகும்; அதைக் கழிக்கப்போனால் நைட்ரஜனும் உடன் கழிந்து, 68-ஆம் நாள் வாக்கில் முதல் மரணம் நேரலாம் என்பது அவர்கள் கணக்கு.

இவை பொறியியல் இடர்கள். காலமும் பொருளும் கொடுத்தால் தீரக்கூடியவை என்றே நான் நம்புகிறேன். என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அங்கே குழந்தைகள் பிறந்து, வளர்ந்து, அவர்களுக்கும் சந்ததி உண்டானால்தான் குடியேற்றம் நிரந்தரமாகும். இல்லையேல் அது நீண்டதொரு முகாம்தான். செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் 38 சதவிகிதம். அவ்வளவு ஈர்ப்பில் கருவொன்று எங்ஙனம் உருவாகும், எலும்பு எங்ஙனம் இறுகும் என்பதை எந்த மருத்துவரும் கண்டதில்லை. 1979-இல் சோவியத் நாட்டின் 'காஸ்மாஸ் 1129' விண்கலத்தில் எலிகளை இணையவிட்டுப் பார்த்தார்கள். குட்டி ஒன்றும் பிறக்கவில்லை. 'கியூரியாசிட்டி' ஊர்தி அளந்தபடி, பூமியில் ஓராண்டு முழுவதும் நம்மேல் இயற்கையாகப் படும் கதிர்வீச்சு அங்கே திறந்த வெளியில் நான்கே நாளில் படும். மண்ணிலோ, 2008-இல் 'பீனிக்ஸ்' கலம் கண்டறிந்த பெர்குளோரேட் உப்பு இருக்கிறது. தைராய்டு சுரப்பி அயோடினைப் பெறவொட்டாமல் தடுக்கும் அந்த உப்பு, மூளை வளரும் பருவத்துச் சிசுவுக்கே பெருங்கேடு செய்யவல்லது.

வயது வந்த ஒருவர், அபாயம் அனைத்தையும் அறிந்து, மீளாப் பயணத்துக்குச் சம்மதிப்பாராயின் அவரைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. அந்தச் சம்மதம் அவர் குழந்தைக்கும் செல்லுமா? எக்காலத்திலும் பெற்றோர்தாமே பிள்ளைகளை அயல்நாடுகளுக்கு அழைத்துச் சென்றனர் என்று சிலர் வாதிக்கலாம். மெய்தான், ஆனால் கப்பலேறிய அந்தப் பிள்ளைகள் எங்கே இறங்கினாலும், வாழ்வு எவ்வளவு கொடியதாயினும், சுவாசித்த காற்று ஒருவருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. செவ்வாயில் மூச்சும் நீரும் ஓர் இயந்திரத்திலிருந்து வரும். இயந்திரத்துக்கு உடைமையாளர் ஒருவர் இருப்பார். அவரோடு மாறுபடும் பிரஜை எங்கே போவான்? 38 சதவிகித ஈர்ப்பில் வளர்ந்த சரீரம் பூமியின் பாரத்தைத் தாங்காதெனில், திரும்பும் உரிமையும் ஏட்டளவில்தான்.

1978-இல், அண்டார்க்டிகாவின் ஒரு பகுதிமேல் தனக்குள்ள பாத்தியதையை வலியுறுத்தும் நோக்கத்தோடு, அர்ஜெண்டினா கர்ப்பிணியான ஒரு பெண்மணியைத் தன் எஸ்பெரான்ஸா முகாமுக்கு அனுப்பிப் பிரசவம் நடக்கச் செய்தது. தேசத்தின் உரிமைக்கு ஒரு குழந்தையைக் கருவியாக்கிய அச்செயல் எனக்கு உகந்ததன்று. எனினும் அக்குழந்தைக்கு நல்ல காற்றும், ஊர் திரும்ப வழியும் இருந்தன. அவ்விரண்டும் உள்ள அந்தப் பனிக்கண்டத்திலேயே இன்றளவும் நிரந்தரக் குடி ஒன்றும் இல்லை.

பூமிக்குப் பேராபத்து வந்தால் மனிதவர்க்கம் பிழைத்திருக்க மற்றொரு கிரகம் வேண்டும் என்பது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனர் எலான் மஸ்க் போன்றோரின் வாதம். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் டைனசோர்களை அழித்த விண்கல் விழுந்த மறுநாளும் இங்கே காற்றும் கடலும் இருந்தன. நம் பாலூட்டி மூதாதையர் பிழைத்தனர். அன்றைய பூமிகூட இன்றைய செவ்வாயைவிட வாழத் தகுந்தது.

ஆராய்ச்சியாளர்கள் செல்லட்டும், ஒவ்வொரு கலத்திலும் திரும்பி வருவதற்கான இடமும் எரிபொருளும் இருக்கட்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஜப்பானியரின் 'கிபோ' கூடம், சுழலும் கூண்டுகளில் எலிகளை வைத்துச் சந்திரனின் ஈர்ப்பையே செயற்கையாக உண்டாக்கியிருக்கிறது. அதே முறையில் செவ்வாயின் ஈர்ப்பை அமைத்து, பாலூட்டிகள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்வதைப் பூமிக்கு அருகிலேயே கண்டறியலாம். அந்தப் பரிசோதனை முடிந்து, அதன் முடிவு நல்லதென்று தெரியவரும்வரையில், குடும்பங்களை அனுப்பும் திட்டம் எதற்கும் எந்த அரசாங்கமும் அனுமதி அளிக்கலாகாது.