கடல் கடந்த ஊழியரைப் பேணுதல்

வாணிகத்தின் பொருட்டு மக்கள் தம் நாடு நீங்கிப் பிறநாடு சேறல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாம். ஆயினும், தானே பொருளீட்டச் செல்லும் வணிகன் வேறு. ஒரு கம்பெனியின் ஏவலால் அயல்நாடு செல்லும் ஊழியன் வேறு. முன்னவன் நலந்தீங்குகளுக்குத் தானே பொறுப்பாவான். பின்னவனைப் பேணும் கடமையோ அனுப்பினாரைச் சார்ந்தது. அக்கடமை யாதென்பதைச் சென்னையின் பழஞ்செய்தி கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1600-ல் இலண்டனில் தோன்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1639-ல் சோழமண்டலக் கரையில் இடம்பெற்று ஜார்ஜ் கோட்டையை அமைத்தது. அங்குக் கணக்கெழுத வந்தோர் பெரும்பாலும் இளைஞர். அவர் பெற்ற ஆண்டுச் சம்பளம் ஐந்து பவுன் முதல் பத்துப் பவுன் வரையில்தான். இக்குறையை ஈடுசெய்யச் சொந்த வாணிகம் நடத்தக் கம்பெனியார் இசைந்தனர். விளைவு யாது? 1672-ல் எழுத்தராய் வந்த எலிஹு யேல் 1687-ல் கவர்னரானார். தம் பொருளையே பெருக்கினார் என்னும் குற்றச்சாட்டுக்களிடையே 1692-ல் பதவி நீங்கினார். கூலியைக் குறைத்தார் நேர்மையை எதிர்பார்த்தல் எங்ஙனம்?

பொருட்குறையினும் கொடியது தனிமை. 1744-ல் சென்னை வந்திறங்கிய ராபர்ட் கிளைவுக்கு அப்பொழுது வயது பதினெட்டு. தாய்நாடு நீங்கியபின் ஒருநாளேனும் தாம் மகிழ்ந்திலர் என்னும் கருத்துப்பட அவர் தம் உறவினர்க்கு எழுதினார். அவருடைய பிற்காலச் செயல்களை யாம் புகழ வந்தோமல்லோம். எனினும், எம்மனோர் வயதுடைய ஒருவர், மொழியறியா ஊரில், உசாவுவாரின்றி இருந்த நிலை எம் நெஞ்சைத் தொடுகின்றது.

காலஞ்செல்லக் கம்பெனியார் பாடங் கற்றனர். காரன்வாலிஸ் பிரபு வங்காளத்துக் கலெக்டர்க்கு மாதம் 1,500 ரூபாயும் வசூலில் நூற்றுக்கொரு பங்கும் அளித்து, சொந்த வாணிகத்தை விலக்கினார். 1812-ல் எல்லிஸ் துரையின் முயற்சியால் சென்னையில் ஜார்ஜ் கோட்டைக் கலாசாலை எழுந்தது. புதிதாக வந்த இளம் உத்தியோகஸ்தர் அங்குத் தமிழும் தெலுங்கும் பயின்றனர். தென்மொழிகள் வடமொழியினின்று பிறவாத தனிக் குடும்பத்தன என எல்லிஸ் 1816-ல் விளக்கியதும் அக்கலாசாலைச் சூழலிலேயாம். ஊழியரைப் பழக்கத் தொடங்கிய முயற்சி தமிழாராய்ச்சிக்கும் துணையாயிற்று.

இக்காலப் பன்னாட்டுக் கம்பெனிகளுக்கும் இவை பொருந்தும். 1996-ல் நிறுவப்பெற்ற ஹூண்டாய் கம்பெனியின் கார்த் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது. அதனையொட்டிக் கொரியர் பலர் சென்னையில் வாழ்கின்றனர். இத்தகையோர் ஓய்வூதிய நிதிக்கு இரு நாட்டிலும் பணஞ்செலுத்தும் இடர் நீங்க, இந்தியாவும் கொரியாவும் செய்த உடன்படிக்கை 2011-ல் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும், பணவொழுங்கு மட்டும் போதாது. புறப்படுமுன் மொழியும் வழக்கமும் கற்பித்தல் வேண்டும். உடன்வரும் மனைவி தன் வேலையை இழக்க நேரிடலாம். மக்கள் பள்ளி மாற நேரிடும். இல்லத்தில் அமைதியில்லையேல் அலுவலில் மனஞ்செல்லாது. மீண்டு வருவார்க்குத் தாயகத்தில் தக்க பதவி காத்திருத்தலும் வேண்டும். இன்றேல் அவர் பெற்ற அனுபவம் பிறர்பாற் போய்விடும்.

இவற்றினும் மேலானது ஒன்றுண்டு. வந்தவர்க்கும் உள்ளூரார்க்கும் சம்பளத்தில் பெரு வேற்றுமை காணின் மனக்கசப்பு விளையும். ஆதலின் வந்தவர் தம் தொழிலறிவை உள்ளூரார்க்குக் கற்பித்து, காலத்தில் தம் இடத்தை அவர்க்கு விட்டுச் செல்லுமாறு கம்பெனியார் ஏற்பாடு செய்தல் முறை. நாளை நம்முட் பலரும் அயல்நாடு சென்று பணிபுரியக் கூடும். அங்கு நாம் எங்ஙனம் நடத்தப்பெற விரும்புவோமோ, அங்ஙனமே இங்கு வந்தாரை நாம் நடத்துவோமாக.