சுமை இறங்கிய பிறகு

திருவனந்தபுரம் பாளையத்தில் தேவாலயம், மசூதி, கணபதி கோயில் மூன்றும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. அங்கிருந்து சற்று நடந்தால் யுனிவர்சிட்டி கல்லூரி. அது மகாராஜா கல்லூரியாக இருந்த 19ஆம் நூற்றாண்டில், ‘மனோன்மணீயம்’ சுந்தரம் பிள்ளை அங்கே தத்துவம் கற்பித்தார். தமிழ் கற்பித்தவர்களில் ஒருவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை.

நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அவரது ‘இரட்சணிய யாத்திரிகம்’ நூலாக வெளிவந்தது 1894இல். இடையே 36 ஆண்டுகள். மதம் மாறியவுடன் எழுந்த உற்சாகத்தில் பிறந்த நூல் அல்ல அது.

அதன் மூலம், 12 ஆண்டுகள் சிறையிலிருந்த ஆங்கிலேயப் போதகர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதை. அழியப்போகும் ஊரைவிட்டு ஒருவன் முதுகில் மூட்டையுடன் ஓடுகிறான். சிலுவையடியில் மூட்டை அவிழ்ந்து விழுகிறது. சாதாரண பக்திக் கதை அத்துடன் மங்களம் பாடியிருக்கும். இதிலோ பெரும் சோதனைகள் அதன் பிறகுதான் வருகின்றன. இருண்ட பள்ளத்தாக்கு, ஆசை காட்டும் சந்தை, சந்தேகம் என்னும் கோட்டைச் சிறை. கூட வந்த தோழன் வழியிலேயே கொல்லப்படுகிறான்.

இந்தப் பாதைக்கு விவிலியத்திலேயே முன்மாதிரி உண்டு. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீண்ட இஸ்ரவேலர் கடலைக் கடந்ததும் கானானுக்குள் நுழைந்துவிடவில்லை. ஓரேபிலிருந்து நாட்டின் எல்லையான காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் பயணம்தான் என்கிறது உபாகமம். அவர்களுக்கோ வனாந்தரத்தில் 40 ஆண்டுகள் கழிந்தன. தூரம் அல்ல காரணம். பாலைவனத்தில் அவர்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். கால்கள் எகிப்தை விட்டு வந்துவிட்டன, நாக்கு வரவில்லை.

இதைப் புவியியலாக மட்டும் படிக்க வேண்டாம் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே சொன்னவர் அலெக்ஸாந்திரியாவின் ஓரிகன். எண்ணாகமம் பட்டியலிடும் 42 தங்குமிடங்களையும் ஆன்மா ஏறும் படிகளாக அவர் விளக்கினார். வானத்து மன்னாவும் அன்றாடம் பொறுக்கப்பட வேண்டியது. மறுநாளுக்கு எடுத்துவைத்தால் புழுத்துவிடும். ஓய்வுநாளுக்கு மட்டும் விதிவிலக்கு. நேற்றைய ஞானத்தை வைத்து இன்றைய பசியை ஆற்ற முடியாது என்று இதைப் படிக்கலாம்.

அப்படியானால் ஊரைவிட்டுப் புறப்படுகிறவன் எதை இறக்கிவைப்பது, எதை எடுத்துச்செல்வது? தன் பழைய சமயத்தை விட்ட கிருஷ்ண பிள்ளை கம்பனை விடவில்லை. பனியனின் உரைநடைக் கதையைப் பருவங்களாக வகுத்து, விருத்தங்களில் பாடினார். மூலத்தில் விரிவாக இல்லாத இயேசுவின் பாடுகளை நற்செய்திகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார். ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

புதிய ஊருக்குப் போனவர் பழைய வீட்டின் விளக்கைக் கையோடு கொண்டுபோனார். அதன் வெளிச்சத்தில்தான் வழி தெரிந்தது.