வீட்டுச் சுவருக்கு எந்த நிறம்?

அண்மையில் வன்னியிலுள்ள மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகச் சென்றுவந்தோம். ஒரே அளவான வீடுகள், ஒரே பக்கம் பார்த்த வாசல்கள், சாம்பல் நிறத்தில் நின்ற சீமெந்துச் சுவர்கள். ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்து எம்மை இருத்திய ஆச்சி சொன்னார்: “சுவாமி, இந்த வரிசையிலை எங்கட வீடு எதெண்டு தெரியாமல் பேரன் பக்கத்து வீட்டுக்குள்ளை போயிடுறான். முந்தின வீடெண்டால் பச்சைச் சுவர். றோட்டிலை வரேக்கையே தெரியும். மூத்தவன் எப்பவாவது வந்தால் அந்தப் பச்சையைத்தானே தேடுவான்?”

மூத்தவர் 2009இல் காணாமற்போனவர். ஆச்சி இன்னும் அவருக்காகக் காத்திருக்கிறார்.

இளைய மகன் தலையைக் குனிந்தபடி, “தோட்டக் கிணறு இறைக்க எண்ணெய்க்குக் காசில்லை. சுவருக்கு நிறம் தேவையோ, சுவாமி?” என்றார். மருமகளோ, “எனக்குக் குசினி கொஞ்சம் வெளிச்சமாய் இருந்தால் காணும்” என்றார்.

மூவரின் பேச்சிலும் நியாயம் உண்டு. இடம்பெயர்ந்த நம் குடும்பங்களில் பல இதே கேள்வியோடு இருக்கின்றன. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டக் கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாகக் கொடுக்கப்பட்டது. கூரை ஏறியதும் கையிலிருந்த காசு முடிந்துபோன வீடுகளை நாம் நிறையக் கண்டோம். கடன்படாமல், ஏமாறாமல், பிள்ளைகளுக்குக் கேடில்லாமல் சுவருக்கு நிறம் கொடுப்பது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

முதலில் சுவர் காயட்டும்

புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவருக்கு உடனே பெயின்ற் அடிக்கக்கூடாது. குறைந்தது 4 வாரமாவது காயவேண்டும். ஈரமும் சீமெந்தின் காரமும் உள்ளே இருக்கும்போது எனாமல் போன்ற எண்ணெய்ப் பெயின்ற் அடித்தால், அது கொப்புளித்து உரியும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், காய்ந்த தும்புத்தடியால் தட்டித் துடைத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். அத்திவாரத்தோடு தண்ணீர் தேங்கினால், பெயின்றுக்கு முன் வெட்டவேண்டியது வாய்க்கால்.

நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் வெள்ளை அடிப்பது நம் வழக்கம். ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரை மாரி மழைக்காலம். ஈரச் சுவரில் அடித்த எதுவும் நிலைக்காது. ஆவணி, புரட்டாதியில் மழைக்கு முன்னரே அடித்துவிட்டால் நத்தாருக்கும் பொங்கலுக்கும் வீடு ஆயத்தமாக இருக்கும். பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு வரும் பங்குனி, சித்திரையும் நல்ல காலந்தான்.

சுண்ணாம்பை மறக்கவேண்டாம்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் பூமி. எமது பாட்டன்மார் கல்லையும் சிப்பியையும் சூளையில் சுட்டுச் சுவர் கட்டினர், வெள்ளையும் அடித்தனர். மண் சுவருக்கும், வேறு பெயின்ற் அடிக்காத சீமெந்துச் சுவருக்கும் மிக மலிவான பூச்சு இன்றும் சுண்ணாம்புதான். அது சுவரை மூச்சுவிட விடும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிச் சுவரிலேயே மீண்டும் கல்லாகிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒருமுறை எமல்சனோ எனாமலோ அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அது கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்ரிக் வாளி உருகலாம், ஆகவே இரும்புப் பீப்பாய் நல்லது. பிள்ளைகளை அருகில் விடவேண்டாம். கண்ணில் பட்டால் நிறையச் சுத்தமான தண்ணீரால் 20 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, பின் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

நீறிய சுண்ணாம்பை ஒரு நாளாவது, முடிந்தால் ஒரு கிழமை, ஊறவிட்டுப் பழைய வேட்டித் துணியால் வடியுங்கள். சோற்றுக் கஞ்சியோ வச்சிரப் பசையோ சிறிது சேர்த்தால் கையில் ஒட்டாது. பால் போன்ற பதத்தில் கரைத்து, சுவரைத் தண்ணீரால் நனைத்து, வெயில் தாழ்ந்தபின் மெல்லியதாக 2 அல்லது 3 முறை அடியுங்கள். அடித்த உடனே சுவர் தெரியும். காயக் காயத்தான் வெண்மை வரும். அதைக் கண்டு பயந்து தடிப்பாக அடிப்பவர்களுடைய சுவர்தான் பொருக்கு வெடிக்கிறது.

சுண்ணாம்புக்கு நிறம் சேர்க்கலாம். ஆனால் அதன் காரத்தைத் தாங்கும் நிறமாக இருக்கவேண்டும். செங்காவி, மஞ்சட்காவி, துணிக்குப் போடும் நீலம் ஆகியவை தாங்கும். சமையல் மஞ்சள் தாங்காது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்பது ஆலாத்தி எடுத்த எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிவப்பும் வெயிலில் வெளிறிப்போகும். காவித்தூள் சுண்ணாம்பின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் கையில் ஒட்டும்.

எந்த அறைக்கு எந்த நிறம்?

திட்ட வீடுகளில் அறை சிறிது, யன்னலும் சிறிது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 வீதத்தைத் திருப்பித் தரும். கடும் நீலம், கடும் பச்சை பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒரே விளக்கில் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இது சிறிய காரியமல்ல. படிக்கும் இடத்துக்கும் கூரைக்குக் கீழுள்ள மேற்சுவருக்கும் வெள்ளையே சிறந்தது.

வெயில் படாத, இருண்ட அறைக்கு மங்கலான மஞ்சள் பொருந்தும். மேற்கு வெயிலில் வேகும் அறைக்கு இளநீலமோ இளம்பச்சையோ கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். உண்மையில் வெக்கையைக் குறைப்பது வெளிப்புறப் பூச்சுத்தான். மேற்குப் பக்க வெளிச்சுவருக்கு வெள்ளை அடியுங்கள். ஆனால் பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கேடு.

விறகு எரியும் குசினிக்கு விலையான பெயின்ற் வீண். வருடத்துக்கு இருமுறை சுண்ணாம்பு அடித்தால் புகைக்கரியும் மறையும், வெளிச்சமும் கிடைக்கும். மழைத்துளி மண்ணைத் தெறிக்கும் அடிச்சுவரில் இரண்டு அடி உயரத்துக்குச் செங்காவி அடிப்பது நம் முன்னோர் கண்ட வழி, அழுக்குத் தெரியாது.

கடைக்குப் போகுமுன்

10 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரமான அறையில் நான்கு சுவருக்கும் 360 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 40 கழித்தால் 320. எமல்சன் 1 லீற்றர் ஒப்பமான சுவரில் ஒருமுறை அடிக்க 100 முதல் 120 சதுர அடிக்குக் காணும். இரண்டு முறை அடிக்க ஐந்தரை முதல் ஆறரை லீற்றர் வரை தேவை. கரடான சுவரென்றால் இன்னும் கூடும். 4 லீற்றர் ரின் ஒன்றை வாங்கிவந்து பாதிச் சுவரில் முடிந்துபோனால், அடுத்த ரின்னுக்குக் கடன் வாங்கவேண்டிவரும். பெயின்றுக்காக வட்டிக்குக் காசு எடுக்கவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறோம். ஒரு போகத்துக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் தரும் நிற அட்டையை மட்டும் நம்பாதீர்கள். சிறு துண்டில் மெல்லியதாகத் தெரியும் நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது கடுமையாகத் தெரியும். சுண்ணாம்பிலோ மறுபக்கம்: ஈரத்தில் கடுமையாகத் தெரிவது காய்ந்தபின் வெளிறும். ஆகவே சுவரில் ஒரு முழம் சதுரத்துக்கு அடித்து, இரண்டு நாள் விட்டு, காலையிலும் மத்தியானத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் யாரோ, அவரைக் கேளுங்கள். குசினி நிறத்தை மேசன் தீர்மானிக்கக்கூடாது.

பிள்ளைகளுக்கு நஞ்சு வேண்டாம்

உடைந்த வீடுகளிலிருந்து எடுத்த பழைய கதவு, யன்னல்களைப் பலர் மீண்டும் பொருத்தியிருக்கிறீர்கள். அவற்றின் பழைய பெயின்றில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருக்கலாம். ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெயின்றில் ஈயத்துக்கு இலங்கையில் 2013 முதல் சட்ட எல்லை உண்டு; அதற்கு முந்தியவற்றை நம்பமுடியாது. உலர்ந்தபடி சுரண்டவோ நெருப்பால் எரிக்கவோ வேண்டாம். மூக்கு வாயைக் கட்டிக்கொண்டு, நனைத்துச் சுரண்டி, பொருக்கை ஒன்றும் விடாமல் கூட்டி அள்ளி, கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் தூரமாக அப்புறப்படுத்துங்கள்.

மீண்டும் அந்த வீட்டில்

சில மாதங்களின்பின் ஆச்சி வீட்டுக்குப் போனோம். அயலில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பீப்பாயில் சுண்ணாம்பு நீற்றி, சிரமதானமாக வீட்டுக்கு வீடு அடித்திருந்தார்கள். மருமகளின் குசினி வெள்ளையாக இருந்தது. றோட்டைப் பார்த்த விறாந்தைச் சுவருக்கு மட்டும் மஞ்சட்காவியும் நீலமும் கலந்து பார்த்துப் பார்த்து ஒரு பச்சை அடித்திருந்தார் இளைய மகன். “பழைய பச்சை இல்லை, சுவாமி. கொஞ்சம் மங்கல்” என்றார் ஆச்சி. பிறகு, “ஆனால் றோட்டிலை நிண்டு பாத்தனான். தெரியுது” என்றார்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்களில் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்கள் உண்டு. பிறர் காணியில், தகரக் கொட்டிலில் இருப்பவர்கள், “இதுக்கு ஏன் வெள்ளை?” என்று கேட்கலாம். ஒரு வருடம் இருந்தாலும் அந்த வருடத்தில் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். உள்ளே தடுத்த மண் சுவருக்கு ஒரு வாளி சுண்ணாம்பு அடியுங்கள். விளக்கு இன்னும் கொஞ்சம் தூரம் எட்டும்.