விட்டுப்போனதை நினைத்தே விடிகிறதா?

விற்ற நிலம், வாங்கின கடன், எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு, பேச்சுவார்த்தை இல்லாமலே செத்துப்போன அண்ணன். ஆளுக்கு ஒன்று இருக்கிறது. "பழசை விடுங்க, இன்றைக்கு வாழுங்க" என்று யாரும் சொல்லிவிடலாம். எப்படி விடுவது என்பதுதானே உங்கள் கேள்வி?

வருத்தப்படுவதே தப்பா? இல்லை. செய்த பிழையை நினைத்து மனசு உறுத்தினால்தான் அடுத்த முறை கவனமாக இருப்போம். எந்த முடிவுக்கும் வராமல் அதே காட்சி ராத்திரிதோறும் ஓடுவதுதான் தொல்லை. மனநல மருத்துவர்கள் இதை 'அசைபோடுதல்' (ஒரே எண்ணம் திரும்பத் திரும்பச் சுற்றுவது) என்கிறார்கள். யோசிப்பதுபோல இருக்கும், ஆனால் அதில் புதிதாக ஒரு யோசனையும் பிறக்காது.

இதிலிருந்து வெளியே வர, உங்கள் வருத்தம் எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதது ஒரு வகை. இன்னும் கொஞ்சமாவது செய்ய மிச்சம் இருப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வகைக்கு நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்பா வைத்த மரம், மகள் கல்யாணத்துக்கு நம்பியிருந்த மரம் எல்லாம் ஒரே ராத்திரியில் போயின. "முந்தின வருஷமே மரத்தை விலை பேசியிருக்கலாமே" என்று ஒருவருக்குத் தோன்றினால் என்ன சொல்வீர்கள்? புயல் வரும் என்று முந்தின வருஷம் யாருக்குத் தெரியும் என்றுதானே கேட்பீர்கள்?

அதே கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். நடந்து முடிந்தபின் 'இது அப்போதே தெரிந்ததுதானே' என்று நினைக்கவைப்பது மனசின் பழைய ஏமாற்று வேலை. இதைப் 'பின்னறிவு மயக்கம்' (முடிவு தெரிந்தபின் முன்பே தெரிந்ததாகத் தோன்றுவது) என்பார்கள். ஒரு தாளை எடுத்து, அந்த முடிவை எடுத்த நாளில் உங்களுக்கு உண்மையிலேயே என்னென்ன தெரிந்திருந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். கையில் இருந்த பணம், மற்றவர்கள் சொன்ன யோசனை, வீட்டில் இருந்த நெருக்கடி. பெரும்பாலும் தாள் உங்கள் பக்கம்தான் பேசும்.

பேசாமல் விட்டதால், தெரிந்தே செய்ததால், தப்பு உங்கள் மேல்தான் என்று தாள் சொன்னால்? ஒத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருந்தால் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். இல்லையென்றால் அவர் பிள்ளைகளுக்கு ஆகிற உதவியைச் செய்யுங்கள். அதற்கு மேல் தண்டனை கொடுத்துக்கொள்வதால் யாருக்கும் லாபம் இல்லை.

இரண்டாவது வகைதான் நம்மில் பலருக்கு. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1995-இல் எழுதிய கட்டுரையில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: சூட்டோடு சூடாக வலிப்பது செய்துவிட்ட காரியம், வருஷம் போகப் போக வலிப்பது செய்யாமல் விட்டது. "படிக்காமப் போயிட்டேனே" என்று அறுபது வயதிலும் அம்மாக்கள் சொல்வது இதனால்தான்.

சரி, வயசான பிறகு என்ன செய்ய முடியும் என்கிறீர்களா? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்ததைப் பாருங்கள். அறிவொளி இயக்கம் (எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான கல்வி இயக்கம்) வந்தது. வயல் வேலை, கல்குவாரி வேலை முடித்து வந்த பெண்கள் அ, ஆ எழுதினார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண் சைக்கிள் ஓட்டுவதைக் கேலி செய்த ஊர்களிலேயே அவர்கள் விழுந்து எழுந்து பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே வாங்கிக்கொண்டார்கள். நடுக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பொது நிகழ்ச்சிகளில் எழுபதாயிரம் பெண்களுக்கு மேல் சைக்கிள் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

இழந்த பள்ளிப் பருவம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சந்தைக்குப் போக முடிந்தது. இன்றைக்கு வாழ்வது என்றால் எனக்குத் தெரிந்து இவ்வளவுதான்: விட்டுப்போனதில் இன்னும் மிச்சம் இருக்கிற துண்டைக் கையில் எடுப்பது.

உங்கள் துண்டு எது? படிப்பு என்றால், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத மேல் வயது வரம்பு கிடையாது. எழுத்தே தெரியாது என்றால், பதினைந்து வயது தாண்டியவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தோட்டம் என்றால், நெட்டைத் தென்னை காய்க்கச் சில வருஷம் ஆகும். அதுவரை ஊடுபயிராக வாழையோ கடலையோ பூவோ போடலாம். உறவு என்றால், ஒரு போன்.

பகலில் சரி, ராத்திரி நினைப்பு வந்தால்? அதை அடக்கப் பார்க்காதீர்கள். அடக்க அடக்க வரும். சாயங்காலம் கால் மணி நேரம் அதற்கென்று ஒதுக்கி, அப்போது எழுதித் தீர்த்துவிடுங்கள். படுக்கையில் வந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிவையுங்கள். முதல் சில நாள் கேட்காது, பழகப் பழகக் கேட்கும்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், இந்த வைத்தியமெல்லாம் போதாது. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடலாம்.